மழைக்காலக் கொல்லை: மன்னார்குடி நாட்குறிப்பு, 2024

15 செப்டம்பர், ஞாயிறு

ஆவணி முடிகிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டைமாடியைச் சீர்செய்துவிட வேண்டும் என்பதால், வெயில் ஏறுமுன் மேலே சென்று மூலை மூலையாகப் பார்த்தேன். கைப்பிடிச் சுவரின் வடமேற்கு மூலையில் அரசங்கன்று ஒன்று முழ உயரத்துக்கு வளர்ந்திருக்கிறது. குக்குறுவானும் மைனாவும் குயிலும் அரசம்பழத்தைத் தின்றுவிட்டு வந்து இந்தச் சுவரில்தான் அமர்கின்றன. அவற்றின் வயிற்றில் செரிக்காத விதை எச்சத்தோடு காரை விரிசலில் விழுந்தால் போதும், மண்ணே இல்லாத இடத்திலும் முளைத்துவிடும். தண்டை ஒடிப்பதால் பயனில்லை. உள்ளே உயிரோடிருக்கும் வேர் அடுத்த மழைக்கு இன்னும் தடித்துக் கிளம்பி, செங்கல்லையே நகர்த்தும். பூச்சைச் சற்று அகலமாகக் கொத்தி, வேர் போன வழியெல்லாம் தொடர்ந்து சென்று முழுதாக எடுத்த பிறகே கலவை வைத்து அடைக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன். அரச மரத்தை வெட்ட அவருக்கு மனம் வருவதில்லை. ஆகவே வேரோடு எடுத்து வாய்க்கால் கரையில் நட்டுவிடலாம் என்று இருவரும் முடிவு செய்தோம்.

இந்த மாடியின் தளத்தைப் போட்டவர்கள் நல்ல வேலைக்காரர்கள். கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் நீற்றிய சுண்ணாம்பும் 32க்குப் பன்னிரண்டரை என்ற கணக்கில் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்திருக்கிறார்கள். இப்போது பலரும் இதற்குப் பதிலாக இரசாயனப் பூச்சு ஒன்றை அடித்துவிட்டுப் போகிறார்கள். வெயிலைத் தடுப்பதில் பழைய சுண்ணாம்புத் தளத்துக்கு அது ஈடாகாது என்பது, கோடையில் இந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

22 செப்டம்பர், ஞாயிறு

கூடத்தின் கூரையில் ஈரம் தெரிகிற இடத்துக்கு நேர் மேலே ஓடுகள் நன்றாகவே இருக்கின்றன. செங்கல் ஜல்லித் தளம் குடித்த நீர் உள்ளேயே நெடுந்தூரம் நகர்ந்து, கான்கிரீட்டில் எங்கே இளக்கம் இருக்கிறதோ அங்கே இறங்கும். எனவே கசிவு தெரியும் இடத்தை மட்டும் பார்த்து மேலே பூசுவது பணத்தை வீணாக்குவதாகும். மழைநீர் வெளியேறும் தூம்புகளைத் துணியால் அடைத்து, மாடியைப் பகுதி பகுதியாக வரப்பு கட்டிப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு அங்குலம் நீர் தேக்கி, ஒரு முழுநாள் விட்டுப் பார்த்தோம். கிழக்குத் தூம்பின் வாயருகே தேக்கியபோதுதான் கூடத்தில் ஈரம் படர்ந்தது. குழாய் தளத்தோடு சேரும் விளிம்பில் கலவை விலகி, விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. மாடி முழுவதையும் பெயர்த்துப் போட வேண்டும் என்று முன்பு ஒருவர் சொல்லிப் பெரிய தொகை ஒன்றைக் கேட்டிருந்தார். தேவைப்பட்டது தூம்பு வாயைச் சுற்றி ஒரு சதுர அடி வேலையும், திறந்துபோன ஓட்டுச் சந்துகளைக் கீறி, நீர்புகாப் பொடி கலந்த சிமெண்ட் பாலால் நிரப்புவதும் மட்டுமே.

26 செப்டம்பர், வியாழன்

தெற்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். சன்ஷேடுக்குக் கீழே தொங்கும் பழைய கேபிளில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. சிலந்தி நூல், நார், மரப்பட்டைத் துணுக்குகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பெட்டையே பெரும்பாலும் இதைக் கட்டுகிறது. அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டரை வாரம் ஆகும். அதுவரை ஏணியை அங்கே சாத்த வேண்டாம் என்று சொன்னபோது, "சுவரு எங்கேயும் போயிடாது டீச்சர், மத்த மூணு பக்கத்த முடிச்சிடுறேன்" என்றார் மேஸ்திரி. சிலந்தி நூலுக்காகவே அந்தப் பக்கத்து ஒட்டடையையும் விட்டுவைத்திருக்கிறேன்.

6 அக்டோபர், ஞாயிறு

மகளுக்காகக் கொல்லையில் கட்டவிருக்கும் சிறிய வீட்டின் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பொறியாளர் வந்திருந்தார். இடம் 15 குழி. எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி என்பதால் 2,160 சதுர அடி வருகிறது. கட்டடம் 600 சதுர அடிக்குள்தான். 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமோ அதற்கு மேல் ஒரு தளமோ கட்டுவோர் சுயசான்றின் பேரில் இணையவழியில் உடனடி அனுமதி பெறும் திட்டத்தைத் தமிழக அரசு இந்த ஜூலையில்தான் தொடங்கியது. அதனால் அனுமதியைப் பற்றிய கவலை பெரிதாக இல்லை. கவலையெல்லாம் மண்ணைப் பற்றியது.

மன்னார்குடி வண்டல் களிமண் பூமி. பங்குனி, சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அதே மண், கார்த்திகையில் நீரைக் குடித்து உப்பிக்கொள்ளும். ஆழமில்லாத அடித்தளத்தின்மேல் நிற்கும் சுவர் இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அசைந்து, சன்னல் மூலைகளில் சாய்வாகக் கீறல் விடும். இந்தத் தெருவில் நன்றாகச் செலவழித்துக் கட்டிய வீடுகளிலும் அந்தக் கீறலைக் காணலாம். பருவத்துக்குப் பருவம் காய்ந்து நனையும் மேலடுக்கைத் தாண்டி அடித்தளம் இறங்க வேண்டும், தரைமட்டத்தில் வீட்டைச் சுற்றிக் கான்கிரீட் பீம் ஓட வேண்டும், தரைக்கடியில் களிமண்ணை எடுத்துவிட்டு மணல் நிரப்ப வேண்டும். மண்ணுக்குள் ஆழமாக இறங்கி அடியில் குமிழ்போல் விரியும் கான்கிரீட் தூணான பைல் போடலாமா என்பதை மண் பரிசோதனைக்குப் பிறகு சொல்வதாகப் பொறியாளர் கூறினார். பரிசோதனைக்கு ஆகும் பணத்தை மிச்சப்படுத்தச் சொல்லிப் பலர் அறிவுரை கூறுகிறார்கள். குளியலறை ஓட்டுக்கு ஆகும் செலவைவிட அது குறைவு என்பதையும், ஓட்டைப் பின்னாளில் மாற்றலாம், அடித்தளத்தை மாற்ற முடியாது என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய மரங்களும் இந்தக் கணக்கில் சேரும். களிமண்ணில் மரத்தின் வேர் ஈரத்தை இழுக்க, அந்தப் பக்கத்து மண் மட்டும் கூடுதலாகச் சுருங்கும். ஆகையால் புது வீட்டுச் சுவரையொட்டிச் செம்பருத்தி, இட்லிப்பூ போன்ற செடிகள் மட்டுமே வைப்பது என்று முடிவாயிற்று. தேன்சிட்டுக்கும் அவையே விருப்பமானவை.

20 அக்டோபர், ஞாயிறு

மனையில் இன்னும் கஜாவின் மிச்சங்கள் கிடக்கின்றன. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த அந்தப் புயல், எங்கள் கொல்லைத் தென்னைகளை ஒன்றிரண்டு தவிர எல்லாவற்றையும் சாய்த்துவிட்டது. மரங்களை அப்போதே அகற்றினோம், அடிக்கட்டைகள் மண்ணுக்குள் இருந்தன. மக்கும் கட்டையின்மேல் வீடு கட்டினால் கட்டை இற்ற இடத்தில் மண் இறங்கும், கறையானும் அங்கிருந்தே சுவருக்குள் ஏறும். எனவே கட்டடம் வரும் பகுதியிலுள்ள அடிக்கட்டைகளை எல்லாம் தோண்டி எடுத்தோம். அவற்றுக்குள் காண்டாமிருக வண்டின் புழுக்கள் விரல் பருமனில் சுருண்டு கிடந்தன. எஞ்சிய தென்னைகளின் குருத்தைத் துளைப்பவை அந்த வண்டுகளே என்பதால், புழுக்களைப் பொறுக்கி அழித்துவிட்டுக் கட்டைகளை எரித்தோம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. தோட்டத்தில் வாழும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது.

தயக்கம் மொட்டைத் தென்னையைப் பற்றியது. கொல்லைக் கடைசியில் தலை முறிந்து பதினெட்டு அடி உயரத்துக்கு நிற்கும் தண்டு அது. கஜாவுக்கு அடுத்த ஆண்டே பொன்முதுகு மரங்கொத்தி அதில் துளை போட்டது. மரங்கொத்தி தனக்கென்று குடையும் வீட்டில் பிறகு வேறு பறவைகள் குடியேறும். இங்கே முதலில் மைனா, பின்பு பச்சைக்கிளி, ஒரு பருவம் புள்ளி ஆந்தை. தாமாகப் பொந்து குடைய முடியாத இந்தப் பறவைகளுக்குப் பட்ட மரம் இல்லாவிட்டால் இடம் கிடைப்பது கடினம். முதல் வரைபடத்தில் வீட்டின் பின்சுவர் அந்தத் தண்டுக்குப் பத்தடியில் வந்தது. பட்ட மரத்தை வீட்டருகே வைத்திருப்பது ஆபத்து என்று பொறியாளர் சொன்னது முற்றிலும் சரி. அது எந்தப் பக்கம் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே தண்டின் உயரத்துக்கு மேல் இடைவெளி கேட்டேன். மனையின் நீளம் 60 அடி, வீட்டின் நீளம் 27 அடி. முன்பக்கம் 9 அடி விட்டு வீட்டை முன்னே நகர்த்தினால் பின்பக்கம் 24 அடி கிடைக்கிறது. முன்வாசலில் திட்டமிட்டிருந்த கார் நிறுத்தம் போய்விட்டது. மகளிடம் தொலைபேசியில் சொன்னபோது, "கார் பழைய வீட்டு வாசல்லயே நிக்கட்டும்மா" என்றாள்.

3 நவம்பர், ஞாயிறு

தீபாவளி முடிந்தது. மழைநீர்த் தொட்டியின் வடிகட்டியைப் பிரித்து, ஜல்லி, மணல், கரி மூன்றையும் தனித்தனியே கழுவிக் காயவைத்து மீண்டும் அடுக்கினோம். 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அமைத்தது இது. அன்று அமைத்த பல வீடுகளில் குழாய் இருக்கிறது, வடிகட்டி தூர்ந்து கிடக்கிறது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 930 லிட்டர் விழும். புது வீட்டின் மாடி நீரையும் இதே தொட்டிக்குக் கொண்டுவருமாறு குழாயின் சரிவை இப்போதே வரைபடத்தில் குறித்தாயிற்று. ஏடிஸ் கொசு பெரும்பாலும் தெளிந்த நீரில் முட்டையிடும் என்பதால் தொட்டியின் காற்றுக்குழாய்க்குப் புதிய வலை கட்டினோம்.

27 நவம்பர், புதன்

நேற்றிலிருந்து விடாத மழை. கூடத்தின் கூரை காய்ந்தே இருக்கிறது. தூம்பு வேலை பலித்துவிட்டது. படுக்கையறையின் மேற்கு ஓரத்தில் மட்டும் புதிதாக ஒரு கோடு ஈரம் தெரிகிறது. அது கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையாக இருக்க வேண்டும். அங்கே கலவையை உருண்டையாக வழித்து மூலையை மறைக்கும் வேலை தை மாதத்துக்கு.

வளைகளில் நீர் புகுந்தால் பாம்புகள் மேடு தேடி வரும். மாலையில் சாரை ஒன்று விறகு அடுக்கின் பின்னால் போயிற்று. அதை அப்படியே விட்டோம். எலியை அதைப்போல் யாரும் பிடிப்பதில்லை. கட்டுவிரியன் வேறு கதை. இரவில் நடமாடும், தரையில் விரித்த பாய்க்குள் வரும், கடி பெரும்பாலும் வலிக்காது என்பதால் கடிபட்டவருக்கே தெரியாமல் போகலாம். இந்த மழை முடியும்வரை யாரும் தரையில் படுப்பதில்லை, கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கடியில் செருகிய பிறகே விளக்கை அணைப்பது என்பது இந்த வீட்டின் விதி. கதவடி இடைவெளிகளுக்கு ரப்பர் பட்டையும், குளியலறை நீர்போக்கிக்குக் கம்பி வலையும் போட்டிருக்கிறோம். தை மாதம் இறங்கப்போகும் செங்கல்லைச் சுவரை ஒட்டி அடுக்கக் கூடாது என்பதையும் இப்போதே எழுதி வைக்கிறேன். செங்கல் அடுக்கின் இடுக்கு கட்டுவிரியனுக்கு மிகப் பிடித்த இடம்.

1 டிசம்பர், ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. இங்கே மழை, காற்று கடுமையில்லை. மொட்டைத் தென்னை நிற்கிறது. வடக்கே என்ன ஆயிற்றோ என்ற கவலையோடு செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறோம். கஜாவுக்குப் பிறகு மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்கள் எங்களுக்கு மறக்கவில்லை.

13 டிசம்பர், வெள்ளி

கார்த்திகை தீபம். மீண்டும் மழை. முருங்கை அடிமரத்தில் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக அடைந்திருக்கின்றன. பகலில் இப்படி ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு இரவில் ஏறி இலையைத் தின்னும். புது வீட்டின் சன்னல் வரும் பக்கம் முருங்கை வைக்கும் எண்ணத்தை இதனால் கைவிட்டேன்; உடலில் பட்டால் தடிப்பும் அரிப்பும் தாங்காது. வேலியோரம் போதும்.

29 டிசம்பர், ஞாயிறு

மார்கழியில் புது வேலை தொடங்குவதில்லை என்றாலும், அளந்து பார்ப்பதற்குத் தடையில்லை. கயிறு கட்டி, சுண்ணாம்புப் பொடி தூவி அறைகளைத் தரையில் வரைந்தோம். வரைபடத்தில் போதுமானதாகத் தெரிந்த சமையலறை, உள்ளே நின்று கையை நீட்டியபோது ஒடுக்கமாக இருந்தது. தாழ்வாரத்திலிருந்து ஒன்றரை அடியை எடுத்து அதற்குக் கொடுத்தோம். கழிவுநீர் உறிஞ்சுகுழியைக் கிணற்றிலிருந்து 50 அடிக்கு அப்பால் கொண்டுபோனதில் குழாய் நீளம் கூடியது. அதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

அடித்தளம் தோண்டும் காலத்தையும் முடிவு செய்தோம். வழக்கமாக மேட்டூர் அணையை ஜனவரி 28இல் மூடுவார்கள். வாய்க்காலில் நீர் நின்று, நிலத்தடி நீர் சற்று இறங்கிய பிறகே இங்கே குழி நிற்கும். முன்னதாகத் தோண்டினால் நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எனவே தை கடைசியில் பூமி பூஜை, மாசியில் தோண்டுதல். மேல்தளக் கான்கிரீட் சித்திரை வெயிலில் வரும். கலப்புச் சிமெண்ட் என்பதால், அந்த வெயிலுக்குக் குறைந்தது 14 நாள் பாத்தி கட்டி நீர் நிறுத்த வேண்டும். அதற்கு நீர் எங்கிருந்து என்று கேட்டேன். மழைநீர்த் தொட்டியின் கொள்ளளவைப் பொறியாளர் குறித்துக்கொண்டார்.

நாங்கள் கயிற்றை மடிக்கும்போது பச்சைக்கிளி இணை ஒன்று மொட்டைத் தென்னையின் மேல்பொந்தில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தப் பக்கங்களில் அவை இப்போது தொடங்கி ஏப்ரல்வரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். எங்கள் கட்டட வேலையும் அதே மாதங்களில்தான் நடக்கிறது. ஆகையால் கலவை இயந்திரம் முன்வாசல் பக்கமே நிற்கும், மணலும் ஜல்லியும் கிழக்குச் சந்து வழியாக வரும், பின்பக்க 24 அடியில் எந்தப் பொருளையும் இறக்குவதில்லை என்று மேஸ்திரியோடு பேசி எழுதிக்கொண்டோம். சந்து வழியே தள்ளுவண்டியில் கொண்டுவருவதற்குக் கூடுதலாக ஓர் ஆள்கூலி ஆகும் என்றார், ஒப்புக்கொண்டேன்.