புல்லே போதும்

கன்னியாகுமரியில் கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் டெல்லியில் போய் நிற்கும் நிலையத்தின் பெயர் ஹஸ்ரத் நிஜாமுதீன். டிக்கெட்டில் எத்தனையோ முறை பார்த்த பெயர்தான். அது ஒரு வலியுல்லாவின், அதாவது இறைநேசரின், பெயர் என்று நினைத்து இறங்கியவர் எங்கள் பெட்டியில் உம்மா ஒருவராகத்தான் இருந்திருக்க வேண்டும். "முதலில் ஸியாரத், அப்புறம்தான் அறை, குளியல் எல்லாம்" என்று சொல்லிவிட்டார். ஆட்டோவில் சில நிமிடங்களில் நிஜாமுதீன் அவுலியாவின் தர்காவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சந்துக்குள் நுழைந்ததும் அத்தர், கபாப் புகை, ரோஜா. மல்லிகைக்கும் சந்தனத்துக்கும் பழகிய எங்கள் மூக்குக்கு அந்த ரோஜா மணம் கொஞ்சம் அதிகம்தான். ஒரு தட்டுப் பூ வாங்கிக்கொண்டு முதலில் அவுலியாவின் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவின் அடக்கத்துக்குப் போனோம். முதலில் சீடருக்கு ஸலாம், பிறகு குருவுக்கு. இங்கே வழக்கம் அப்படி. நிஜாமுதீன் அவுலியா 1325இல் மறைந்தபோது குஸ்ரோ ஊரில் இல்லை. திரும்பி வந்தவர் ஆறே மாதத்தில் தானும் போய்விட்டார். கவிஞருடைய அடக்கத்தின்மேல் இப்போதுள்ள கட்டடம் 1605இல், ஜஹாங்கீர் காலத்தில் எழுந்தது.

அவுலியாவின் அடக்கத்தலமும் அவர் காலத்தது அல்ல. இன்று நாம் பார்ப்பது 1562–63இல் ஃபரிதுன் கான் என்ற பிரபு கட்டியது. கறுப்புக் கோடுகள் இறங்கும் வெள்ளைக் குவிமாடம், சுற்றிலும் தூண் தாழ்வாரம், சுவர்களில் சல்லடைபோல் துளையிட்ட பளிங்குச் சன்னல்கள். கபுர் (கல்லறை) இருக்கும் அறைக்குள் பெண்கள் போவதில்லை. எங்கள் பூத்தட்டை ஒரு பையன் உள்ளே கொண்டுபோனான். உம்மா சன்னலோரம் உட்கார்ந்து பளிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். துளைக்குத் துளை நேர்ச்சை நூல்: வெளுத்து நைந்த முடிச்சுகளின்மேல் புதுச் சிவப்பு முடிச்சுகள். உம்மாவின் விரல்கள் நடுங்கியதில் நூல் இரண்டு முறை நழுவியது. "நீ அந்த முனையைப் பிடி" என்றார். பிடித்தேன். என்ன கேட்டார் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பையன் திரும்பி வந்து தட்டில் ஒரு பிடி இதழ்களை மட்டும் தபர்ருக்காக, அருள் பெற்ற பொருளாக, கொடுத்தான். உம்மா அதைக் காகிதத்தில் பொட்டலமாக மடித்துக்கொண்டார்.

இந்த வளாகத்தில் அவுலியா கண்ணால் பார்த்த கட்டடம் மேற்கே உள்ள ஜமாஅத் கானா பள்ளிவாசல். டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் மகன் கிஸ்ர் கான் கட்டியதாகச் சொல்லப்படும் செங்கல் நிறத்து மணற்கல் பள்ளி. அதன் வளைவுகளின் உள்விளிம்பில் வரிசையாகத் தாமரை மொட்டுகள்! பளிங்கைப் பார்த்து மயங்குகிறவர்கள் இந்தச் சிவப்புக் கல்லை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ இதுதான் பிடித்தது.

வடக்கே படிக்கிணறு, அவுலியா 1321–22இல் வெட்டுவித்தது. அதே நேரத்தில் சுல்தான் கியாசுதீன் துக்ளக் தன் துக்ளகாபாத் கோட்டையை எழுப்பிக்கொண்டிருந்தார். பகலில் கோட்டையில் உழைத்தவர்கள் இரவில் விளக்கு வைத்துக்கொண்டு இங்கே வெட்டினார்களாம். சுல்தான் எண்ணெய் விற்பனையை நிறுத்த, கிணற்றுத் தண்ணீரே விளக்கில் எரிந்தது என்பது கதை. வங்கப் போரிலிருந்து திரும்பும் சுல்தானைப் பற்றி அவுலியா "டெல்லி இன்னும் தூரத்தில்தான் இருக்கிறது" என்றாராம். நகரை நெருங்கிய இடத்தில் வரவேற்புக்குக் கட்டிய மரமண்டபம் சரிந்து சுல்தான் இறந்தது மட்டும் கதையல்ல, வரலாறு. அதுவும் அதே 1325இல்தான். கோட்டை பாழாகிக் கிடக்கிறது. கிணற்றில் இன்றும் ஊற்றுத் தண்ணீர் நிற்கிறது.

அவுலியாவின் பக்கத்தில் படுக்க அரச குடும்பத்துக்கே போட்டி இருந்திருக்கிறது. பாரசீக மன்னர் நாதிர் ஷாவிடம் டெல்லியைப் பறிகொடுத்த முகலாயப் பேரரசர் முகம்மது ஷாவும் இங்கேதான் இருக்கிறார். அவருக்கு அருகிலேயே, கூரையில்லாத பளிங்குத் தடுப்புக்குள், ஷாஜஹானின் மகள் ஜஹானாரா. 1681இல் இறந்தவர். உயிரோடு வரும் பெண்கள் சன்னலுக்கு வெளியே நிற்கிற இடத்தில், இந்த ஒருத்தி முற்றத்திலேயே நிரந்தரமாக இடம் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கபுரின் நடுவில் பளிங்குக்குப் பதில் மண். அதில் பச்சை. தலைமாட்டுக் கல்லில் பாரசீக வரிகள்.

உம்மா பொட்டலத்தைப் பிரித்து இதழ்களை உள்ளே தூவக் கையை நீட்டினார். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். நான் முன்பே படித்து வைத்திருந்ததைச் சொன்னேன்: "என் கபுரைப் பசுமை தவிர வேறெதாலும் மூட வேண்டாம், ஏழைகளின் கபுருக்குப் புல்லே போதும்."

நீட்டிய கையை உம்மா இழுத்துக்கொண்டார். பொட்டலத்தை மறுபடி மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். முற்றத்தில் ஆர்மோனியம் ஒலிக்கத் தொடங்கியது. கவ்வாலிக்காரர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.