கறுப்புத் திரையில் நாம் நிற்கும் இடம்: பிளஸ் டூ சி++ செய்முறையும் கோப்புப் பாதையும்

பிளஸ் டூ கணினி அறிவியலில், பைத்தான் நிரல் ஒன்று சி++ நிரலைக் கம்பைல் செய்து (கணினி நேரடியாக ஓட்டும் கோப்பாக மாற்றி) ஓட்டும் பாடம் ஒன்று உண்டு. தருமபுரிப் பக்கம் லேபில் பிள்ளைகளோடு இதைத் திரும்பத் திரும்பச் செய்து வருகிறோம். நிரலைத் தப்பில்லாமல் தட்டி முடிக்கிற பிள்ளைகூட, ஓட்டும் இடத்தில் வந்து திகைத்து நின்றுவிடும். அந்த இடத்தை நாங்கள் கடக்கிற விதம் இது. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறோம். விசைப்பலகையில் தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஃபோல்டர். டி டிரைவில் "லேப்" என்று ஒரே சொல்லில், ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். பைத்தான் நிரலான மெயின்.பிஒய், சி++ நிரலான பாலி.சிபிபி இரண்டும் அதற்குள் இருக்கட்டும். நோட்பேடில் சேமித்திருந்தால் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். கோப்புப் பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பிறகு வரும் பின்னொட்டை விண்டோஸ் மறைத்தே காட்டும் என்பதால், பாலி.சிபிபி என்று தெரிகிற கோப்பு உண்மையில் பாலி.சிபிபி.டிஎக்ஸ்டி ஆக இருக்கலாம்.

ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரிப் பட்டையில் சொடுக்கி, சிஎம்டி என்று தட்டி என்டர் அடியுங்கள். கறுப்புத் திரை (கமாண்ட் பிராம்ட்) அந்த ஃபோல்டரிலேயே திறக்கும். ஃபோல்டர் மாற்றும் சிடி கட்டளையோடு போராட வேண்டியதில்லை. சிடி போட்டுத்தான் போவேன் என்றால், சி டிரைவில் நின்றுகொண்டு "சிடி டி:\லேப்" என்று தட்டினால் பிழைச்செய்தியும் வராது, இடமும் மாறாது. ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு நடப்பு ஃபோல்டரைக் கறுப்புத் திரை தனியாக நினைவில் வைத்திருப்பதால் இப்படி. "சிடி /டி டி:\லேப்" என்று போட்டால் டிரைவும் சேர்ந்து மாறும். அடுத்து "டிர்" போடுங்கள். கோப்புகளின் முழுப் பெயர் பின்னொட்டோடு வரும். அந்த டிஎக்ஸ்டி ஒட்டியிருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

முழுப் பாதை, சார்புப் பாதை இரண்டையும் பிள்ளைகளுக்கு ஊரை வைத்துத்தான் சொல்கிறோம். "நாலு ரோட்டிலிருந்து இடப்பக்கம் இரண்டாவது கடை" என்றால் நாலு ரோட்டில் நிற்பவருக்கு மட்டும்தான் பயன்படும். பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு அது எங்கேயும் கொண்டு சேர்க்காது. வெறும் "பாலி.சிபிபி" என்பது அந்த மாதிரி வழிதான், நிற்கும் ஃபோல்டரிலிருந்து தேடும். "டி:\லேப்\பாலி.சிபிபி" என்பது மாவட்டத்தில் தொடங்கும் முழு முகவரி. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது ஓசூரின் முகவரியில் மேலடுக்கு மாறியது. ஓசூருக்குள் ஒரு தெருவிலிருந்து இன்னொரு தெருவுக்குப் போகும் வழி மாறவில்லை. லேப் ஃபோல்டரை பென் டிரைவுக்கு மாற்றினாலும் அதே கதைதான். டி:\ என்று எழுதியதெல்லாம் உடையும், சார்புப் பாதை தாங்கும்.

இப்போது "வேர் பைத்தான்", "வேர் ஜி++" இரண்டையும் தட்டுங்கள். வேர் (where) என்றால் எங்கே என்று கேட்பது; ஜி++ என்பது சி++ நிரலைக் கம்பைல் செய்யும் மென்பொருள். கோப்பு இருக்கும் இடம் வந்தால் நல்லது. பைத்தானுக்கு விண்டோஸ்ஆப்ஸ் என்ற ஃபோல்டர் மட்டும் வந்தால், அது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு அனுப்பும் வெறும் பலகை. பைத்தான் இன்னும் நிறுவப்படவில்லை. ஜி++ இல்லை என்றால், தேடலில் "என்விரான்மென்ட்" என்று தட்டி, பாத் என்ற மாறியைத் (நிரல்களைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) திருத்தி, ஜி++ அடங்கிய தொகுப்பான மின்ஜிடபிள்யூவின் "பின்" (bin) என்ற ஃபோல்டரைச் சேர்க்க வேண்டும். சி++ எழுதும் மென்பொருளான தேவ்-சி++ நிறுவியிருந்தால் அதற்குள்ளேயே மின்ஜிடபிள்யூ64, அதற்குள் "பின்". சேர்ப்பது ஃபோல்டரை, ஜி++.இஎக்ஸ்இ கோப்பை அல்ல. சேர்த்த பிறகு கறுப்புத் திரையை மூடிப் புதிதாகத் திறக்க வேண்டும். திறக்கும் நேரத்தில்தான் அது பாத்தை வாங்கிக்கொள்கிறது. சரியாகச் சேர்த்துவிட்டு, பழைய திரையிலேயே முயன்று, வேலை செய்யவில்லை என்று மறுபடி அழிக்கிற பிள்ளைகள் நிறைய.

ஓட்டும் வரி இதுதான் (-ஐ என்பது -i): பைத்தான் மெயின்.பிஒய் -ஐ பாலி

பாலிக்குப் பின்னால் சிபிபி போடக் கூடாது. மெயின்.பிஒய் நிரலே ஒருமுறை .சிபிபி, ஒருமுறை (கம்பைல் ஆன கோப்புக்கு) .இஎக்ஸ்இ ஒட்டிக்கொள்கிறது. நீங்களும் போட்டால் பாலி.சிபிபி.சிபிபி என்று தேடும்.

பிழை வந்தால் முதலில் யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள். "இன்டர்னல் ஆர் எக்ஸ்டர்னல் கமாண்ட்" என்று வந்தால் பேசுவது கறுப்புத் திரை. மேற்கோளுக்குள் வருகிற சொல்லை ஒரு நிரலாக எடுத்துத் தேடி, கிடைக்கவில்லை என்கிறது. "எர்னோ 2" என்றால் பேசுவது பைத்தான், மெயின்.பிஒய் நீங்கள் நிற்கும் இடத்தில் இல்லை. "ஜி++: எரர்" என்று தொடங்கினால் பைத்தான் தன் பங்கை முடித்து ஜி++இடம் ஒப்படைத்துவிட்டது, சி++ கோப்புதான் சிக்கல்.

இடைவெளி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேற்கோள் போட்டும் தீராது. ஃபோல்டர் பெயர் "பிளஸ் டூ லேப்" என்று வைத்துக்கொள்வோம். -ஐக்குப் பிறகு முழுப் பாதையை இரட்டை மேற்கோளுக்குள் சரியாகத்தான் கொடுக்கிறீர்கள். அதைப் பைத்தான் ஒரே சொல்லாக வாங்கிக்கொள்கிறது, மேற்கோள் அத்தோடு உதிர்ந்துவிடுகிறது. பிறகு நிரல் "ஜி++ " என்பதோடு அந்தப் பாதையை ஒட்டி ஓஎஸ்.சிஸ்டத்துக்கு (கட்டளையைக் கறுப்புத் திரைக்கு அனுப்பும் பைத்தான் செயற்கூறு) கொடுக்கும்போது மேற்கோள் இல்லாமல் போகிறது. ஜி++ அதை டி:\பிளஸ், டூ, லேப்\பாலி.சிபிபி என்று மூன்று கோப்பாகப் படித்து எதுவும் இல்லை என்கிறது. நிரலைத் திருத்தி, கம்பைல் செய்யும் வரி, ஓட்டும் வரி இரண்டிலும் மேற்கோள் சேர்க்கலாம். தேர்வு நேரத்தில் அதற்குப் பதில் ஃபோல்டர் பெயரை மாற்றுவதே மேல்.

சாய்கோட்டிலும் இதே மாதிரி ஒரு பொறி. லேப் ஃபோல்டருக்கு வெளியே டி டிரைவில் நின்றுகொண்டு, -ஐக்குப் பின் லேப்/பாலி என்று தட்டினால் ஜி++ ஏற்றுக் கம்பைல் செய்துவிடும். ஓட்டும்போது மட்டும் 'லேப்' என்ற கட்டளை இல்லை என்று வரும். விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளமான டாஸில், 1981இல், ஃபோல்டரே கிடையாது. / என்ற குறி கட்டளையின் விருப்பத்தைக் (சிடி /டி-யில் வரும் /டி போல) காட்டப் பயன்பட்டது. 1983இல் டாஸ் 2 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது மீதி இருந்த \ பாதைக்குப் போனது. அந்தப் பழக்கம் கறுப்புத் திரையில் இன்னும் இருக்கிறது. லேப்\பாலி என்று போட்டால் ஜி++, கறுப்புத் திரை இரண்டுக்கும் பொருந்தும்.

சி++ நிரலைத் திருத்திய பிறகும் பழைய விடையே வருகிறதா? திரையில் மேலே ஏறிப் பாருங்கள், ஜி++ பிழை காட்டியிருக்கும். கம்பைல் தோற்றாலும் பைத்தான் நிரல் நிற்காமல் அடுத்த வரிக்குப் போய், நேற்றைய பாலி.இஎக்ஸ்இ கோப்பை ஓட்டிவிடுகிறது. மதிப்பெண் போகிற இடம் இது. ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் "டெல் பாலி.இஎக்ஸ்இ" போடச் சொல்லிக்கொடுக்கிறோம். அழிக்க முடியவில்லை, "ஆக்சஸ் இஸ் டினைட்" என்று வந்தால், இன்னொரு கறுப்புத் திரையில் அதே நிரல் எண்ணுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். அங்கே போய் கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்திவிட்டு வந்து மறுபடி ஓட்டுங்கள்.