ஒகாவாவின் பட்டியலை வாசித்த வாரம்

ஜூன் 3, இரவு

ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். மொத்த சைட்டேஷன் (என் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை) எவ்வளவு, ஹெச்-இண்டெக்ஸ் (அந்த எண்ணிக்கையை வைத்து ஆய்வாளரை அளக்கும் எண்) எவ்வளவு என்று இரண்டு கட்டங்கள். எண்ணைப் போட அரை நிமிடம் போதும், ஆனால் மனம் அதில் இல்லை. மத்தியானம் என் மாணவி கொடுத்த கட்டுரை வரைவையே நினைத்துக்கொண்டிருந்தேன். மூளை எம்ஆர்ஐ பற்றியது. 'போல்ட் சிக்னல்' என்ற சொல், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பொறுத்து எம்ஆர்ஐ படத்தில் மாறும் சமிக்ஞை, பதினான்கு இடங்களில் வருகிறது. அதைக் கண்டுபிடித்த செய்ஜி ஒகாவாவின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னது:

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே மேடம், அதுக்குமா சைட் பண்ணணும்?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், என் கடைசி இரண்டு கட்டுரைகளிலும் அவர் இல்லை.

ஜூன் 4

படிவத்தை ஒதுக்கிவிட்டு ஒகாவாவின் கட்டுரைப் பட்டியலைப் பழையதிலிருந்து வாசித்து வருகிறேன். 1934இல் டோக்கியோவில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம். 1968 முதல் நியூ ஜெர்சியில் பெல் லேப்ஸ். தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம்தான், ஆனால் அங்கே உயிரியற்பியலும் நடந்தது. 1967இலேயே ஹீமோகுளோபின் பற்றிக் கட்டுரை எழுதியிருக்கிறார். பிறகு எலி ஈரலின் மைட்டோகாண்ட்ரியா, என்எம்ஆர் (எம்ஆர்ஐக்கு அடிப்படையான அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு). பட்டியலில் வெகுதூரம் இறங்கி வந்த பிறகே மூளைப் படம் வருகிறது. 1990இல் அவருக்கு வயது 56.

அந்தப் பழைய கட்டுரைகளைப் பக்கவழி என்று தாண்டிப்போக எனக்கு மனமில்லை. ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் காந்தப்புலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது கையோடு பழகிய ஒருவருக்குத்தான் 1990இல் எலி மூளையின் எம்ஆர்ஐ படத்தில் தெரிந்த கறுப்புக் கோடுகள் பொருளோடு தெரிந்திருக்கும்.

ஜூன் 5

ஒகாவாவின் 1990 கட்டுரையை வரி வரியாகப் படித்தேன். முன்பு சுருக்கத்தை மட்டும்தான் படித்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

மயக்கத்தில் இருக்கும் எலி. வலுவான காந்தம். சுவாசிக்க 100% ஆக்சிஜன் கொடுத்தபோது மூளையில் மெல்லிய கறுப்புக் கோடுகள். அவை சிரைகள். அதே எலிக்கு 90% ஆக்சிஜனும் 10% கார்பன் டை ஆக்சைடும் கொடுக்கிறார்கள். கோடுகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன! கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடும். மூளை எடுத்துக்கொள்வது அவ்வளவேதான், ஆகவே சிரை ரத்தத்தில் ஆக்சிஜன் மிஞ்சும். ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் சுற்றியிருக்கும் காந்தப்புலத்தைக் கலைத்துக் கறுப்பாகத் தெரியும், ஆக்சிஜனோடு இருப்பது கலைப்பதில்லை. ஊசி வழியாக மருந்து எதுவும் செலுத்தாமல், ரத்தமே மருந்தாக நின்று காட்டுகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 6

1990 கட்டுரையின் அடிக்குறிப்புகளிலிருந்து பின்னோக்கிப் போனால் 1936இல் பாலிங், கோரியெல் என்ற வேதியியலாளர்கள் இருக்கிறார்கள். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினுக்கும் இறங்கியதற்கும் காந்தத் தன்மை வேறு என்று அளந்து சொன்னவர்கள். எம்ஆர்ஐ என்ற பேச்சே இல்லாத காலம். 54 வருடம் கழித்து ஒரு எலியின் மூளையில் அது வேலைக்கு வந்திருக்கிறது. எந்த ஆண்டு மதிப்பீடு இவ்வளவு காலம் பொறுத்திருக்கும்?

முன்னோக்கிப் போனால் 1992. மனித மூளையில் இதைக் காட்டிய கட்டுரைகள் ஒரே வருடத்தில் வருகின்றன: பாஸ்டனிலிருந்து குவாங், மினசோட்டாக் குழுவோடு ஒகாவா, விஸ்கான்சினிலிருந்து பேண்டெட்டினி. முதல் இரண்டும் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் பி.என்.ஏ.எஸ். இதழில். 1936, 1990 கட்டுரைகளும் அதே இதழ்தான். ஹெச்-இண்டெக்ஸை ஹிர்ஷ் 2005இல் முன்வைத்ததும் அங்கேயே.

ஜூன் 8

இரண்டு நாளாக ஸ்மித்தின் 2002 கட்டுரையும் நினைவில் இருக்கிறது. படத்திலிருந்து மண்டையோட்டை நீக்கி மூளையை மட்டும் பிரித்தெடுக்கும் பெட் என்ற நிரல். உள்ளேயிருந்து பலூன் ஊதுவதுபோல ஒரு பரப்பை விரித்து மூளையின் விளிம்பில் நிறுத்துவார்கள். நிரலை ஓட்டினால் கட்டுரையைக் குறிப்பிட வேண்டும் என்பது எங்கள் துறையில் வழக்கமாகிவிட்டது. அதனால் அதன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. அதற்குத் தகுதியான வேலைதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கருத்து அப்படியில்லை. பொதுச்சொத்து ஆனதும் அடிக்குறிப்பிலிருந்து உதிர்ந்துவிடுகிறது. 'போல்ட்' என்று சொன்னாலே போதும் என்கிறோம். எண்ணிக்கையில் அது குறைவாகத்தான் தெரியும்.

படிவத்தில் என் எண்களைப் போட்டு அனுப்பிவிட்டேன். குறிப்புகளுக்கான கட்டத்தில் என் மூன்று கட்டுரைகள் என்ன சொல்கின்றன என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதினேன். அதைக் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதினேன்.

ஜூன் 9

காலையில் மாணவியை அழைத்து 1990 கட்டுரையைக் கொடுத்தேன். "முழுசா படிம்மா, அவசரமில்லை" என்றேன். சாயங்காலம் நாலரைக்குக் கதவைத் தட்டினாள். கையில் அச்செடுத்த தாள், எலி மூளையின் இரண்டு படங்களைச் சுற்றிப் பென்சில் வட்டம்.

"மேடம், கோடு மறையுது பாருங்க!"

வரைவில் ஒகாவாவை முதல் பத்தியிலேயே சேர்த்திருக்கிறாள். பாலிங்கையும் சேர்க்கலாமா என்று கேட்டாள். படித்துவிட்டுச் சேர் என்று 1936 கட்டுரையை அனுப்பியிருக்கிறேன்.