ஒதுக்கப்பட்டவரின் பக்கம்

2017-இல் கமல்ஹாசன் தொகுத்து வழங்கத் தொடங்கிய, போட்டியாளர்கள் ஒரே வீட்டில் அடைபட்டு வாழும் பிக் பாஸ் தமிழ் நிகழ்ச்சியில் நடப்பது நடிப்பா, நிஜமா என்ற வாதம் எங்கள் மன்னார்குடித் தெருவில் இன்னும் ஓயவில்லை. 24 மணி நேரமும் பதிவாகும் காட்சிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்தை மட்டும் தேர்ந்தெடுக்கும்போது, ஒருவர் கோபக்காரராகவும் இன்னொருவர் அப்பாவியாகவும் படத்தொகுப்பிலேயே உருவாகிவிட முடியும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கைப்பேசி இல்லாத வீட்டில், கூடவே உண்டு உறங்குபவரை வெளியேற்றப் பெயர் சொல்லியே ஆக வேண்டிய நெருக்கடியில், எந்த வேடமும் நெடுநாள் நிற்காது. முதல் பருவத்தில் மற்றவர்கள் கூட்டாக நடிகை ஓவியாவை ஒதுக்கியதைப் பார்த்து, கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த எங்கள் பெரியம்மாக்கள் உண்மையாகவே கலங்கினார்கள் (அவர்களுக்கு அது புதிய காட்சி அல்ல). மன உளைச்சலோடு அவர் பாதியிலேயே வெளியேறினார். அந்த வேதனையை எந்தப் படத்தொகுப்பாளரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றே உறுதியாக நம்புகிறேன்.