ஒப்புக்கொள்ளாத சங்கம்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பர்சனல் செக்‌ஷன் கிளார்க்காகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்திருந்ததால் எடுத்தார்கள். லீவு கார்டு, சம்பளப் பட்டியல், சார்ஜ் ஷீட் என்று ஓடும் வேலையில் தீபாவளிக்கு முன்னால் மட்டும் ஒரு பரபரப்பு வரும். போனஸ் ஒப்பந்தம்.

சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. நடுவில் இருக்கும் அந்தப் பதினொன்றரைச் சொச்சத்துக்குத்தான் அத்தனை வாயிற்கூட்டமும் தட்டிகளும். அந்த வருடம் சங்கம் 20 கேட்டது, நிர்வாகம் 10-இல் நின்றது. லேபர் ஆபீஸுக்குப் போய், மூன்றாவது அமர்வில் 15 என்று முடிந்தது. எல்லோரும் டீ குடித்தார்கள். நான் வரைவைத் தட்டச்சு செய்தேன்: “நிர்வாகம் அளிக்க முன்வந்த 15 சதவீத போனஸைத் தொழிற்சங்கம் ஒப்புக்கொண்டு...”

சங்கத் தலைவர் ஸ்பின்னிங்கில் இருபது வருடம் ஓட்டியவர். வரைவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ‘ஒப்புக்கொண்டு’ வந்ததும் கையை நீட்டி நிறுத்தினார்.

“நாங்க என்ன திருடிட்டா வந்தோம் தம்பி, ஒப்புக்கறதுக்கு? அதை எடுத்துருங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. சார்ஜ் ஷீட்டுக்கு வரும் விளக்கக் கடிதங்களை ஃபைலில் கோப்பதே என் வேலைதானே. “இரவு ஷிப்டில் தூங்கியதை ஒப்புக்கொள்கிறேன், இனி இவ்வாறு நடக்காது.” அந்தக் கடிதங்களில் பாதியை ஆட்களுக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். மில் கேட்டுக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமே கிடையாது. வெளியே அப்படியில்லை. ‘கூலிக்கு ஒப்புக்கொண்டார்’ என்றால் பேரம் முடிந்தது. ‘தவறை ஒப்புக்கொண்டார்’ என்றால் ஆள் மாட்டிக்கொண்டார். அந்த ‘-க்கு’ போய் ‘-ஐ’ வந்தால் போதும், பேரம் வாக்குமூலமாகிவிடுகிறது. ‘வேலையை ஒப்புக்கொண்டார்’ என்பதுபோல ‘-ஐ’ வந்தும் கெடாத இடங்களும் உண்டுதான். ஆனால் அன்று அதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

“சரி, ‘இணங்கி’ன்னு போடுப்பா” என்றார் எங்கள் மேனேஜர்.

“அதெப்படிங்க? கேட்டது நாங்க. இணங்கறதுன்னா நீங்கதான இணங்கோணும்?” என்றார் தலைவர். இலக்கணம் படிக்காத மனிதர், ஆனால் சொன்னது சரி. இணங்குவதற்கு எதிரே ஒரு கோரிக்கை இருக்க வேண்டும். யார் கேட்டார், யார் மனம் இறங்கினார் என்பதை அந்தச் சொல் தன்னாலே சொல்லிவிடும். மேனேஜருக்கு முகம் சுருங்கியது. ‘ஏற்று’ என்று போட்டுப் பார்த்தோம். கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்த மாதிரி இருக்கிறதாம். ‘சம்மதித்து’ என்றேன். “பொண்ணு பார்க்கவா வந்திருக்கோம்?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்க, மேனேஜரே சிரித்துவிட்டார்.

கடைசியில் சமரச அலுவலர்தான் பேனாவை எடுத்து ‘இருதரப்பும் உடன்பட்டு’ என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் ‘உடன்பாட்டு வினை, எதிர்மறை வினை’ என்று படித்தது ஞாபகம் வந்தது. வந்தான் என்பது உடன்பாடு, வரவில்லை என்பது எதிர்மறை. உடன்பாட்டில் முந்தி வந்தவரும் இல்லை, இறங்கி வந்தவரும் இல்லை; ‘உடன்’தான் இருக்கிறது. ஒரு மணி நேரம் அடித்துத் திருத்திய தாளைக் கிழித்துவிட்டுப் புதுத் தாளும் கார்பனும் செருகினேன்.

இதில் ஒரு வேடிக்கை. அன்றிருந்த தொழில் தகராறுகள் சட்டத்தில், வெளியே இரு தரப்பும் தாமாகப் பேசி முடித்தால் அது 18(1) பிரிவு ஒப்பந்தம், கையெழுத்துப் போட்டவர்களை மட்டும்தான் கட்டும். சமரச அலுவலர் முன்னால் போட்ட 12(3) பிரிவு ஒப்பந்தம் அப்படியல்ல. வேறு சங்கத்துக்காரர், எந்தச் சங்கத்திலும் சேராதவர், ஏன், அடுத்த மாதம் புதிதாக வேலைக்கு வருகிறவர் வரை எல்லோரையும் கட்டும். ஆக, உடன்படாதவனும் உடன்பட்டவன்தான்.

அன்று மிச்சம் பேசப்பட்டதெல்லாம் பேச்சுத் தமிழில். “ரெண்டு சதவீதம் விட்டுக்கொடுங்க” என்று மேனேஜர் மாலை முழுக்கக் கெஞ்சியிருந்தார், தலைவரும் விட்டுக்கொடுத்தார். அதே தலைவர், வேலைநிறுத்தத்தின்போது கல்லெறிந்ததாகச் சொல்லப்பட்ட பையனின் பேர் வந்தபோது அசையவே இல்லை. “எங்க ஆளை விட்டுக்கொடுக்க மாட்டோம்” என்றார். சதவீதத்தை விட்டுக்கொடுத்தால் பெருந்தன்மை, ஆளை விட்டுக்கொடுத்தால் துரோகம். மேனேஜர் கடைசியில், “எதுக்கும் மசிய மாட்டேங்கறாரே” என்று என்னிடம் முணுமுணுத்தார். மசிந்தார் என்று ஒருவரைப் பற்றி யாராவது சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. கீரைதான் மசியும், மனிதர்களுக்கு அந்தச் சொல்லைப் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வைத்திருக்கிறோம்.

கையெழுத்தானதும் மேனேஜர் அங்கிருந்தே முதலாளிக்கு போன் போட்டார். “முடிஞ்சுதுங்க. இருபதுலயிருந்து இறங்கி வந்துட்டாங்க.”

மறுநாள் காலை ஷிப்டுக்கு சைக்கிளில் வரும்போது கேட்டுக்கு வெளியே கூட்டம். மைக்கில் தலைவர்: “தோழர்களே, பத்துக்கு மேல ஒரு பைசா தர மாட்டோம்னு சொன்ன நிர்வாகத்தை பணிய வெச்சிருக்கோம்!” கைதட்டல். என்னைப் பார்த்ததும் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நம்ம காப்பி ஒண்ணு வேணும், போர்டுல ஒட்டோணும்” என்றார்.