பாபி ஹர்லி என்றதும் விபத்துதானா?

எங்கள் ஆபீஸில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பேச்சு வந்தால், ஏதாவது ஒரு கட்டத்தில் 1993இல் கார் விபத்தில் சிக்கிய பழைய ஆட்டக்காரர் பாபி ஹர்லி பெயர் அடிபடும். உடனே எல்லோர் முகத்திலும் இழவு வீட்டுக் களை வந்துவிடும். "பாவம்ப்பா, அந்த ஆக்சிடென்ட் மட்டும் நடக்காம இருந்திருந்தா..." என்று ஆளுக்கொரு பெருமூச்சு. எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பள்ளி டீமில் நானும் அவரைப் போலப் பாயின்ட் கார்டாக ஆடியவன் என்பதால், பந்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறவனின் கணக்கு எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. இவ்வளவு நிறைவாக முடிந்த கல்லூரி வாழ்க்கை அந்த இடத்தில் ஆடியவர்களில் எத்தனை பேருக்கு வாய்த்தது?

ஆள் எங்கள் ஊர்க்காரர். நியூயார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெர்சி சிட்டியில் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்க நூவர்க் அவென்யூ போகிறவர்கள், அதே சாலையில் ஒயிட் ஈகிள் ஹால் என்ற பழைய கட்டடத்தைப் பார்த்திருக்கலாம். இப்போது அங்கே இசை நிகழ்ச்சிகள் நடக்கின்றன. முன்பு பிங்கோ ஆடும் கூடம். செயின்ட் ஆன்டனி பள்ளிக்குச் சொந்த ஜிம் கிடையாது, அதனால் அந்தப் பையன்கள் இங்கே பயிற்சி எடுத்தார்கள். கோச், பாபியின் அப்பா பாப் ஹர்லி. சம்பளத்துக்குப் பார்த்தது ப்ரொபேஷன் அதிகாரி வேலை. சாயங்காலமானால் இந்தப் பையன்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்த மனிதர் அவர். பணமில்லாமல் 2017இல் பள்ளியை மூடிவிட்டார்கள் என்பது தனிக் கொடுமை. பாபியின் கடைசி வருடமான 1988-89 சீசனில் அந்த டீம் ஆடிய 32 ஆட்டங்களிலும் ஜெயித்தது.

அங்கிருந்து வட கரோலைனாவில் இருக்கும் ட்யூக் பல்கலைக்கழகம். ஆறடி உயரம், ஒல்லி உடம்பு, பள்ளிக்கூடப் பையன் போல வெளுத்த முகம். கோச் கே என்று எல்லோரும் அழைக்கிற மைக் ஷிஷெவ்ஸ்கி, முதல் வருடத்திலேயே பந்தை இவர் கையில் கொடுத்துவிட்டார். அந்த வருடமே, 1990 ஏப்ரலில், டென்வரில் தேசிய இறுதிப் போட்டி. எதிரே லாஸ் வேகாஸின் யுஎன்எல்வி பல்கலைக்கழகம். ஹர்லிக்கு அன்று உடம்பு சரியில்லை, வயிறு படுத்தியது. 103-73 என்று ட்யூக் தோற்றது. இறுதிப் போட்டியில் 30 புள்ளி வித்தியாசம் என்பது தோல்வியில் சேர்த்தி இல்லை, ஊரைக் கூட்டி வைத்து அடித்தது. யுஎன்எல்வி கோச் ஜெரி டார்கானியனுக்குச் சுறா என்று பட்டப்பெயர். அந்தத் தோல்விக்குப் பிறகு ஹர்லியின் கனவில் சுறாக்கள் வந்தனவாம்.

இன்னொரு குறையும் இருந்தது. விசில் ஊதினால் முகத்தைச் சுளிப்பார், கைகளை விரிப்பார், சக ஆட்டக்காரன் பந்தை விட்டால் வாய் கோணும். பயிற்சியாளர்கள் அவருடைய முகத்தை மட்டும் தொகுத்து ஒரு வீடியோ செய்து, அதைப் போட்டுக் காட்டினார்கள். பாயின்ட் கார்டின் முகத்தைத்தான் மற்ற நாலு பேரும் பார்த்துக்கொண்டு ஆடுவார்கள். அவன் முகம் வாடினால் டீமே வாடும். இதைப் புரியவைக்க அவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தத் தேவைப்படவில்லை, ஒரு கேசட் போதுமாயிருந்தது.

அடுத்த வருடம், 1991 மார்ச் 30, இண்டியானாபொலிஸ், அரையிறுதி. அதே யுஎன்எல்வி, இப்போது தொடர்ந்து 45 வெற்றிகளோடு. இரண்டரை நிமிடம்கூட இல்லாதபோது ட்யூக் 76-71 என்று பின்தங்கியிருந்தது. அந்த நேரத்தில் இன்னொரு கூடை விழுந்திருந்தால் கதை முடிந்திருக்கும். ஹர்லி பந்தைத் தட்டிக்கொண்டு வந்தார், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றார், யாரையும் எதிர்பார்க்காமல் எறிந்தார். 76-74. முடிவில் 79-77. இரண்டு நாள் கழித்து கேன்சாஸைத் தோற்கடித்து ட்யூக் தன் முதல் தேசியப் பட்டத்தை வென்றது.

1992ஐப் பற்றிப் பேசினால் எல்லோரும் கென்டக்கியோடு நடந்த ஆட்டத்தையும், ட்யூக்கின் கிறிஸ்டியன் லேட்னர் கடைசி நொடியில் போட்ட கூடையையும்தான் சொல்வார்கள். சரி, 104-103, யாரால் மறக்க முடியும்? ஆனால் அந்த நீளமான பாஸைக் கொடுத்தது கிராண்ட் ஹில். நம் ஆள் அந்தக் காட்சியில் வேடிக்கை பார்க்கிறவர்தான். அதே ஆட்டத்தில் அவர் 22 புள்ளி எடுத்து 10 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்) கொடுத்தது யார் வாயிலும் வருவதில்லை. அந்த பிப்ரவரியில் வட கரோலைனா பல்கலைக்கழகத்துக்கு எதிராக ஆடும்போது காலில் எலும்பு முறிந்து, முறிந்த காலோடு ஆட்டத்தை முடித்தவர் அவர். கென்டக்கிக்கு முந்தைய ஆட்டத்தில் சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய சொந்தத் தம்பி டேன் ஹர்லியே இவரைத் தடுக்க வந்து நின்றார். அன்று அண்ணனுக்குக் கிடைத்தது 4 புள்ளிகள்தான். இருந்தும் அரையிறுதியில் இண்டியானாவுக்கு எதிராக 26 புள்ளிகள், பிறகு மிச்சிகனை 71-51 என்று வீழ்த்தி இரண்டாவது பட்டம். அந்த இறுதிக் கட்டத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது லேட்னருக்குப் போகவில்லை, ஹர்லிக்குத்தான் போனது.

அந்தக் கோடையில் இன்னொரு கூத்து. பார்சிலோனா ஒலிம்பிக்குக்குத் தயாராகிக்கொண்டிருந்த, தொழில்முறை நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்க ட்ரீம் டீமுக்குப் பயிற்சி கொடுக்கக் கல்லூரிப் பையன்கள் சிலரை கலிஃபோர்னியாவின் லா ஹொயாவுக்கு வரவழைத்தார்கள். முதல் பயிற்சி ஆட்டத்தில் பையன்கள் 62-54 என்று மேஜிக் ஜான்சனும் ஜோர்டனும் இருந்த டீமையே தோற்கடித்துவிட்டார்கள். அந்த நட்சத்திரங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து வந்தவர் ஹர்லி.

இப்போது அசிஸ்ட் கணக்குக்கு வருகிறேன். நான்கு வருடத்தில் 288, 289, 237, 262. மொத்தம் 1,076 அசிஸ்ட். அவருக்கு முன் முதலிடத்தில் இருந்த கிறிஸ் கார்கியானியின் எண் 1,038. ஹர்லியின் எண்ணை முப்பது வருடத்துக்கு மேல் யாராலும் தாண்ட முடியவில்லை. அசிஸ்ட் ஒரு விசித்திரமான கணக்கு. எவ்வளவு அருமையான பாஸ் கொடுத்தாலும் வாங்கியவன் கூடையில் போடாவிட்டால் பூஜ்யம்தான். அப்படிப் போன பாஸ்களுக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. தேசியப் போட்டித் தொடரில் இவர் ஆடிய 20 ஆட்டங்களில் ட்யூக் ஜெயித்தது 18. கடைசி ஆட்டம் 1993இல் கலிஃபோர்னியாவிடம் தோல்வி, அதில் எதிரே நின்றவர் ஜேசன் கிட். அன்றும் ஹர்லி 32 புள்ளி எடுத்தார்.

அதன் பிறகுதான் அந்த விபத்து. தொழில்முறை லீகான என்பிஏவில், அந்த வருடப் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது சாக்ரமெண்டோ கிங்ஸ் அவரை ஏழாவது ஆளாக எடுத்தது. 19 ஆட்டம் ஆடியிருந்தார். 1993 டிசம்பர் 12 இரவு, மேட்ச் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஹெட்லைட் போடாமல் வந்த கார் மோதியது. சீட் பெல்ட் போடாததால் வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு வாய்க்காலில் விழுந்தார். மூச்சுக்குழாய் இடது நுரையீரலிலிருந்து பிய்ந்திருந்தது. பிழைத்ததே அதிசயம். அடுத்த சீசனிலேயே திரும்பி வந்தார், ஆனால் பழைய வேகம் வரவில்லை. 1998 வரை ஆடினார், மொத்தம் 269 ஆட்டங்கள்.

விபத்து இல்லாவிட்டாலும் அவர் என்பிஏவில் பெரிய நட்சத்திரமாகியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அங்கே உயரமும் உடம்பும் வேறு. ஆபீஸில் இதைச் சொன்னால் அடிக்க வருகிறார்கள். நடக்காததை வைத்து ஏன் அழவேண்டும், நடந்ததே ஒரு ஆளுக்கு ஏராளம் என்கிறேன்.

பிறகு பந்தயக் குதிரை வளர்த்தார், கோச்சானார். பஃபலோ பல்கலைக்கழகத்தை 2015இல் முதன்முறையாகத் தேசியப் போட்டித் தொடருக்குக் கூட்டிப்போனார். அப்புறம் அரிசோனா ஸ்டேட். தம்பி டேன் கனெக்டிகட்டின் கோச்சாக 2023, 2024 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம் வாங்கியதும், இப்போது பையன்கள் "டேன் ஹர்லியோட அண்ணனா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: 1991 யுஎன்எல்வி ஆட்டத்தைத் தேடிப் பிடித்து, கடைசி ஐந்து நிமிடமாவது பார்த்துவிட்டு வாருங்கள்.