பாதி நீலம், பாதி மஞ்சள்

வியட்நாமின் ஹியன் லுவாங் பாலத்தின் படம் ஒன்று இன்று கண்ணில் பட்டது. சரியாக நடுவில் நிறம் மாறுகிறது. ஒரு பாதி நீலம், மறு பாதி மஞ்சள்.

கீழே ஓடுவது பென் ஹாய் ஆறு. பிரான்சுடனான போரை முடித்துவைத்த 1954 ஜெனீவா ஒப்பந்தம் 17-வது அட்சரேகையை ஒட்டி நாட்டை இரண்டாக்கியபோது எல்லையாகிப்போன ஆறு.

எல்லை என்றுகூடச் சொல்லக்கூடாதாம். இது தற்காலிகக் கோடுதான், அரசியல் எல்லை அல்ல, 1956 ஜூலையில் தேர்தல் வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் ஜெனீவா மாநாட்டின் இறுதிப் பிரகடனத்தில் அழகாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் அதில் ஒருத்தர்கூடக் கையெழுத்துப் போடவில்லை!

தேர்தல் நடக்கவே இல்லை.

எந்தப் பக்கம் போவது என்று மக்கள் முடிவு செய்ய 300 நாள் கொடுத்தார்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. வீடு ஒரு கரையிலும் வயல் மறுகரையிலும் இருந்தவன் எந்தக் கரையைத் தேர்ந்தெடுப்பான்?